சிவப்பாகத் தெரிவதெல்லாம் கோளாறு அல்ல: வெப்பப் படத்தைப் படிக்கும் முறை

மருத்துவமனையிலோ ஜவுளிக் கடையிலோ தீப்பிடித்தால், "மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது" என்ற வரி மறுநாள் செய்தியில் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. மின்சாரம் தன் பாதையை விட்டு விலகித் தரைக்கோ ஒருவரின் உடலுக்கோ பாய்வது முதலாவது. மின்கசிவு என்ற பெயர் உண்மையில் இதற்கு மட்டுமே பொருந்தும். ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட் இரண்டாவது. மூன்றாவது, இறுக்கம் குறைந்துபோன ஓர் இணைப்பு. அதன் வழியே வழக்கமான அளவு மின்சாரமே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த ஓரிடம் மட்டும் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சூடேறிக்கொண்டே இருக்கும்.

முதல் கோளாறு ஏற்பட்டால், கசிவை உணரும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இரண்டாவதை ஃபியூஸோ, மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. என்ற பிரேக்கரோ பார்த்துக்கொள்ளும். மூன்றாவதற்கு வழக்கமான மின்பலகையில் காவல் எதுவும் இல்லை. மின்சாரத்தின் அளவு கூடவில்லை, அது வழிதவறவும் இல்லை என்பதால் எந்த பிரேக்கரும் விழாது. காப்புறை கருகி வாடை வரும்வரை யாருக்கும் அது தெரிவதில்லை. அகச்சிவப்பு வெப்பப் படக்கருவி, அதாவது தெர்மல் கேமரா, மிகுந்த பயன் தருவது இந்த இடைவெளியில்தான்.

பல நிறுவனங்கள் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை வெப்பப் படச் சோதனை நடத்தி அறிக்கை வாங்கி வைக்கின்றன. அதிலுள்ள வண்ணப் படங்களை எப்படிப் படிப்பது என்பது அறிக்கையை வாங்கியவருக்கு மட்டுமன்றி, சில வேளைகளில் படத்தை எடுத்தவருக்கும் தெளிவாக இருப்பதில்லை.

## கேமரா பார்ப்பது எதை?

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தின் வழியே பிரிந்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானியை வைத்து அளந்து பார்த்தார். சிவப்பு நிறத்தையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்ற எல்லா இடங்களையும்விட அதிகமாக ஏறியது. நாம் அகச்சிவப்பு என்று சொல்லும் கதிர் அப்படித்தான் அறியப்பட்டது.

இந்தக் கதிரை வெளியிடாத பொருளே நம்மைச் சுற்றி இல்லை. சுவர், மேசை, உடல் ஆகிய எல்லாம் தம் வெப்பநிலைக்கேற்ப ஓயாது அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. 27 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு பரப்பு, கோட்பாட்டளவில் அதிகபட்சமாக, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 வாட் ஆற்றலைக் கதிராக வெளியிடும். அதன் உச்சம் 9.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அமையும். ஆகவேதான் சோதனைக்குப் பயன்படும் பெரும்பாலான கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களைப் பார்க்கும்படி செய்யப்படுகின்றன. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது என்பதால், லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் கடைகிறார்கள். உள்ளே இருக்கும் உணரியின் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் கதிரால் துளியளவு சூடாகிறது. அதனால் அந்தப் புள்ளியின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து கருவி ஒரு வெப்பநிலையைக் கணக்கிட்டு, அதற்கு ஒரு வண்ணம் பூசுகிறது.

இந்தச் சங்கிலியைக் கூர்ந்து பார்த்தால், கேமரா வெப்பநிலையை நேரடியாக அளப்பதே இல்லை என்பது புரியும். அது அளப்பது, தன்னை வந்தடையும் கதிரை. வெப்பநிலை என்பது அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்லும் எண். இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. கேமரா மேற்பரப்பை மட்டுமே காண்கிறது. சுவருக்குப் பின்னால் இருப்பதை அது ஊடுருவிப் பார்ப்பதில்லை. உள்ளே ஓடும் சுடுநீர்க் குழாய் சுவரின் மேற்பரப்பைச் சற்றே சூடாக்கினால், அந்தச் சூடு மட்டும் படத்தில் வரும்.

2. கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ குறுக்கே இருந்தால், படத்தில் வருவது அந்தத் தகட்டின் வெப்பநிலைதான். மின்பலகையின் கதவை மூடிவைத்து எடுத்த படம் கதவைப் பற்றிய படம்.

3. வண்ணத்துக்கு நிலையான பொருள் கிடையாது. பெரும்பாலான கேமராக்கள், திரையில் உள்ளவற்றுள் மிகச் சூடான இடத்துக்கு வெள்ளையையோ சிவப்பையோ தாமாகவே ஒதுக்கிவிடும். பலகை முழுவதும் 31 முதல் 34 டிகிரிக்குள் இருந்தாலும், 34 டிகிரிப் பகுதி கனல் போலத் தெரியும். அதே திரைக்குள் 120 டிகிரியில் ஏதேனும் ஒன்று நுழைந்துவிட்டால், ஆபத்தான 75 டிகிரி இணைப்புகூட மங்கலான ஊதாவாக ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே படத்தின் ஓரத்தில் உள்ள அளவுகோலைப் பார்க்காமல் வண்ணத்தை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது.

## பளபளப்பான உலோகம் ஏமாற்றும்

ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரு பொருள்கள் ஒரே அளவு கதிரை வெளியிட வேண்டும் என்பதில்லை. கோட்பாட்டின்படி வெளியிடத்தக்க உச்ச அளவில் எவ்வளவு பங்கை ஒரு மேற்பரப்பு உண்மையில் வெளியிடுகிறது என்பதே உமிழ்திறன். மனிதத் தோலுக்கு இது 0.98, கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு ஏறத்தாழ 0.95, பெயின்ட் அடித்த பரப்புகளுக்கும் 0.9க்கு மேல். மெருகேற்றிய செம்புக்கும் அலுமினியத்துக்கும் 0.05ஐ ஒட்டியே நிற்கும். எஞ்சிய 0.95 பங்கு எங்கே போகிறது என்றால், அந்த உலோகம் அகச்சிவப்புக் கதிருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போலாகிவிடுகிறது. சுற்றியுள்ள சுவரின் கதிரையும், கேமராவைப் பிடித்து நிற்பவரின் உடல் கதிரையும் திருப்பி அனுப்புகிறது.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 32 டிகிரியில் இருக்கும் அறையில், பளபளப்பான ஒரு செம்பு பஸ்பார், அதாவது மின்பலகைக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உலோகப் பட்டை, 80 டிகிரிக்குச் சூடாகி இருக்கிறது என்று கொள்வோம். அது தானாக வெளியிடும் கதிர் 5 விழுக்காடு. எஞ்சிய 95 விழுக்காடு அறையின் பிரதிபலிப்பு. இரண்டையும் கூட்டினால் கேமராவுக்கு வந்து சேரும் கதிர், 35 டிகிரியை ஒட்டிய ஒரு பொருளின் கதிருக்குச் சமமாகிறது. தொட்டால் கை வெந்துபோகும் உலோகம், படத்தில் அறையைப் போலவே குளிர்ந்து தெரிகிறது. பக்கத்தில் பி.வி.சி. உறை போட்ட கேபிள் 45 டிகிரியில் இருந்தால், நலமாக உள்ள கேபிள் சிவப்பாகவும் கெட்டுப்போன பஸ்பார் நீலமாகவும் வரும்.

கேமராவின் அமைப்பில் உமிழ்திறன் எண்ணை 0.05 என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சிறிய எண்ணில், பிரதிபலிப்பை மதிப்பிடுவதில் ஏற்படும் சிறு பிழைகூடப் பல டிகிரிகளாகப் பெருகிவிடும் என்பதால் அது நம்பத்தக்க வழியன்று. நடைமுறையில் பயன்படும் வழி எளிமையானது: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அளக்க வேண்டிய உலோகத்தின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, பின்னர் சுமை ஏற்றி, அதாவது வழக்கம்போல் மின்சாரம் ஓடவிட்டு, அந்த டேப்பின் வெப்பநிலையைப் படிப்பது. அதற்கு வாய்ப்பில்லாதபோது, உலோகத்தை விட்டுவிட்டு அதையொட்டிய கேபிள் உறையைப் பார்க்க வேண்டும். இணைப்பின் சூடு அங்கே பரவியிருக்கும்.

## ஒரு மின்பலகையைப் படிப்போம்

ஓர் அலுவலகக் கட்டடத்தின் பிரதான பலகையில், ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் கேபிள்கள், நுனியில் லக் என்ற உலோக முனை பொருத்தி, பிரேக்கரில் முறுக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலை 35 டிகிரி. லக்கையொட்டிய உறையின் வெப்பநிலை ஆர் ஃபேஸில் 44, ஒய் ஃபேஸில் 71, பி ஃபேஸில் 45 எனப் படத்தில் வருகிறது.

முதலில் எழ வேண்டிய கேள்வி, ஒய் ஃபேஸில் எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்பது. கேபிளைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் இரு வேறு விடைகள் வரக்கூடும். மூன்று ஃபேஸிலும் 90 ஆம்பியரை ஒட்டியே இருந்தால், ஒரே சுமையைத் தாங்கும் மூன்றில் ஒன்று மட்டும் சூடாகியிருக்கிறது; கோளாறு அந்த இணைப்பில். மாறாக ஒய் ஃபேஸில் மட்டும் 160 ஆம்பியர் ஓடினால் இணைப்பில் குறையில்லாமலே சூடு ஏறியிருக்கலாம். சரிசெய்ய வேண்டியது சுமைப் பங்கீட்டை. லக்கையொட்டிப் படம் காட்டும் வெப்பநிலை இரண்டு நிலைகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கலாம். ஆம்பியர் குறிக்கப்படாத வெப்பப் பட அறிக்கை பாதி அறிக்கைதான் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சூடு பரவியிருக்கும் விதம். லக்கின் போல்ட்டை ஒட்டி உச்சமாக இருந்து, கேபிளின் நீளத்தில் போகப்போகக் குறைந்தால், வெப்பம் பிறக்கும் இடம் அந்த இணைப்பு. கேபிள் முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் அது கூடுதல் சுமையின் அடையாளம், அல்லது கேபிளின் தடிமன் போதவில்லை.

அமெரிக்காவின் மின் சோதனைச் சங்கமான நேட்டா வகுத்த அளவுகோல் உலகெங்கும் மேற்கோளாகப் பயன்படுகிறது. ஒரே வகையான, ஒரே சுமையுள்ள இரு பாகங்களுக்கிடையே 1 முதல் 3 டிகிரி வேறுபாடு இருந்தால் அதைக் கவனித்து வர வேண்டும். 4 முதல் 15 டிகிரி என்றால் கோளாறு இருக்க வாய்ப்புண்டு, வசதிப்பட்டபோது சரிசெய்ய வேண்டும். 15 டிகிரியைத் தாண்டினால் உடனே பழுது பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வேறுபாடு 27 டிகிரி. அத்துடன் பி.வி.சி. உறைக் கேபிளுக்கு வகுக்கப்பட்ட உச்ச வேலை வெப்பநிலையே 70 டிகிரிதான். நாம் பார்ப்பது வெளிப்பரப்பை மட்டுமே. உலோகமும் உலோகமும் உரசும் உள்ளிடத்தில் சூடு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சுமை இங்கே எல்லாவற்றையும் மாற்றக்கூடியது. இணைப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கிவரும் எண். நன்றாக முறுக்கிய இணைப்பின் தடை 50 மைக்ரோ ஓம் என்றால் 100 ஆம்பியரில் அங்கே அரை வாட் வெப்பம்தான் பிறக்கும். அதே இணைப்பு தளர்ந்து, தடை 1 மில்லி ஓமாக உயர்ந்தால் 10 வாட். 200 ஆம்பியர் ஓடினால் 40 வாட். மின்னணுப் பழுது பார்ப்பவர் கையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னைவிட அதிகமான சூட்டை ஒரு போல்ட்டுக்கு அடியில் இரவும் பகலும் வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மற்றோர் எச்சரிக்கை கிடைக்கிறது. முழுச் சுமையில் பிறக்கும் வெப்பத்தில் 16 விழுக்காடுதான் 40 விழுக்காட்டுச் சுமையில் பிறக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏசி எதுவும் ஓடாத கட்டடத்தில் எடுத்த படம் "எல்லாம் நலம்" என்று காட்டினால், அந்த நலத்தை நம்ப முடியாது. குறைந்தது 40 விழுக்காட்டுச் சுமை இருக்க வேண்டும் என்று சோதனை விதிகள் கேட்பது இதற்காகவே. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகலே நம் ஊர்க் கட்டடங்களுக்கு ஏற்ற நேரம்.

இணைப்புகள் ஏன் தளர்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அலுமினியம் சூட்டில் விரியும் அளவு எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பகலில் சுமை ஏறும்போது அலுமினிய லக், எஃகு போல்ட்டின் பிடிக்குள் நசுங்குகிறது. இரவில் சுருங்கும்போது பழைய இறுக்கம் திரும்புவதில்லை. இடைவெளியில் புகும் காற்றால் அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே தடை கூடுகிறது, சூடு கூடுகிறது, தளர்வும் கூடுகிறது. சூடான போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று விடுவது பெருந்தவறு; ஆக்சைடு படிந்த பரப்பு அப்படியே உள்ளே இருக்கும். இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, தேவையானால் லக்கை மாற்றி, செம்பும் அலுமினியமும் சேரும் இடமானால் இரு உலோகமும் சேர்ந்த பைமெட்டாலிக் லக் போட்டு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் உரிய அளவுக்கு முறுக்க வேண்டும்.

## குளிர்ச்சியையும் கவனிக்க வேண்டும்

கண் சூட்டைத் தேடிப் பழகிவிட்டதால் தவறவிடும் கோளாறுகளும் உண்டு. மூன்று ஃபியூஸ்களில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், பெரும்பாலும் அது எரிந்துபோனது. அது மூன்று ஃபேஸ் மோட்டாருக்கானதாக இருந்தால், மற்ற இரண்டும் கூடுதல் மின்சாரத்தைச் சுமக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் எண்ணெய் ஏறி இறங்கும் ரேடியேட்டர் துடுப்புகளில் ஒரு வரிசை மட்டும் குளிர்ந்து தெரிந்தால், அங்கே எண்ணெய் ஓட்டம் அடைபட்டிருக்கலாம், அல்லது வால்வு மூடியே கிடக்கலாம், அல்லது எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கலாம். சூடான துடுப்புகள் தம் வேலையைச் செய்கின்றன. கவலைக்குரியது குளிர்ந்த வரிசை.

## மொட்டை மாடியில் இறங்கும் நீர்

கட்டட ஒழுக்கைத் தேடும்போது, ஒரே ஈரம் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தால் எதிரெதிராகத் தெரியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தண்ணீர், அதே எடையுள்ள கான்கிரீட்டைவிட நான்கு மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தேக்கும். வெயில் காய்ந்த மொட்டை மாடி, சூரியன் மறைந்தபின் வேகமாகக் குளிரும். தட்டோட்டுக்கு அடியில் நீர் தேங்கிய பகுதி மட்டும் மெதுவாகவே குளிரும். ஆகவே சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரத்தில் மேலிருந்து பார்த்தால் ஈரமான இடம் சூடாகத் தெரியும். அதே ஈரம் கீழ்வீட்டின் கூரைப் பூச்சுக்கு வந்து ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிர்விக்கும் என்பதால், உள்ளிருந்து பார்த்தால் அது குளிர்ந்த திட்டாகத் தெரியும்.

ஏசியின் காற்று நேராக அடிக்கும் சுவரும் குளிர்ந்த திட்டாகவே தெரியும். எனவே படம் இடத்தைச் சுட்டிக்காட்டட்டும். ஈரமானியை அங்கே வைத்து உறுதிசெய்த பிறகே சுவரை உடைக்க வேண்டும். நீர் கண்ட இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்பதும் இல்லை. கம்பி வழியாகவும் வெடிப்பு வழியாகவும் நீர் பல அடி நகர்ந்து வந்திருக்கலாம்.

## சூரியத் தகடுகள்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் போன்ற பரப்புகளை ஆள் நடந்து சோதிப்பது எளிதன்று. அவ்வகைப் பரப்புகளில் டிரோனில் பொருத்திய தெர்மல் கேமரா இந்த வேலையை எளிதாக்குகிறது. படத்தில் தெரியும் வடிவமே கோளாறின் வகையைச் சொல்லிவிடும். ஒரு சிறு கட்டம் மட்டும் சூடாக இருந்தால், அந்த செல் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது அதன்மேல் பறவை எச்சமோ நிழலோ விழுந்து, மின்சாரம் தர வேண்டிய செல் மற்றவை தரும் மின்சாரத்தை உண்டு சூடாகிறது. தகட்டின் மூன்றில் ஒரு பங்கு நெடுக்குவாக்கில் சூடாகத் தெரிந்தால், கோளாறான பகுதியைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு அந்தப் பங்கை ஒதுக்கிவிட்டது. ஒரு தகடு முழுவதும் அண்டைத் தகடுகளைவிடச் சில டிகிரி கூடுதலாக இருந்தால், அது இணைப்பே இல்லாமல் கிடக்கக்கூடும். மின்சாரமாக வெளியேறியிருக்க வேண்டிய ஆற்றலும் அதற்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது.

ஐ.இ.சி. 62446-3 என்ற பன்னாட்டுத் தரம், சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாத வெயிலில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறது. தகடுகளைக் கழுவிவிட்டு எடுப்பது நல்லது. எச்சத்தால் வந்த சூடும் விரிசலால் வந்த சூடும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

## மனித உடல்

2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூர் விமான நிலையத்தில் தெர்மல் கேமராக்கள் காய்ச்சலைக் கண்டறிய நிறுத்தப்பட்டன. 2020இல் அவை உலகெங்கும் வாசல்களுக்கு வந்தன. தோலின் உமிழ்திறன் 0.98 என்பதால் உலோகத்தில் வரும் சிக்கல் இங்கே இல்லை. ஆனால் தோலின் வெப்பநிலை உடலின் உள்வெப்பநிலை ஆகாது. வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றி சூடாகவும், ஏசி காரில் இறங்கியவரின் நெற்றி குளிர்ந்தும் இருக்கும். முகத்தில் ஓரளவு நம்பத்தக்க இடம், இரத்த ஓட்டம் மேற்பரப்புக்கு அருகே வரும் கண்ணின் உள்முனை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் அதைப் பார்க்க முடியாது. மேலும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவரையும், தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாதவரையும் எந்தக் கேமராவும் கண்டுபிடிக்காது.

மார்பகப் புற்றுநோய்க்கான பரிசோதனையாக இதை விளம்பரப்படுத்துவதைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெப்பப் படம், மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இலும் 2019இலும் எச்சரித்தது. வலியில்லை, கதிர்வீச்சில்லை என்பதற்காக மேமோகிராமைத் தவிர்த்து இதைச் செய்துகொள்ளும் பெண், நோய் வளரும் மாதங்களை இழக்கக்கூடும்.

இதற்கு நேர்மாறாக, நீரிழிவு நோயாளிகளின் பாதத்தில் வெப்ப அளவீடு நல்ல பயன் தருகிறது. உணர்வு மரத்துப்போன பாதத்தில் புண் வெளியே தெரியும் முன்பே, உள்ளே அழற்சி தொடங்கி அந்த இடம் சூடாகிறது. இரு பாதங்களிலும் அதே இடத்தை ஒப்பிட்டு, வேறுபாடு 2.2 டிகிரிக்கு மேல் அடுத்தடுத்த நாள்களிலும் நீடித்தால் நடப்பதைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற முறையை மருத்துவ ஆய்வுகள் கையாண்டுள்ளன. ஆர், ஒய், பி ஃபேஸ்களை ஒப்பிட்ட அதே தருக்கம் இங்கேயும் செயல்படுகிறது: இடப் பாதத்துக்கு வலப் பாதமே அளவுகோல்.

## அறிக்கை கைக்கு வரும்போது

சோதனை அறிக்கையைப் பெறுபவர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் விவரங்கள் அதில் உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

1. ஒவ்வொரு வெப்பப் படத்துக்கும் அருகில் அதே இடத்தின் சாதாரணப் படம் இருக்கிறதா? இல்லையென்றால், எந்த போல்ட் என்பதை மின்பணியாளர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

2. படம் எடுத்த நேரத்தின் ஆம்பியர், அறை வெப்பநிலை, வைத்த உமிழ்திறன் எண் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளனவா?

3. எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது? 160க்கு 120 புள்ளிகள் உள்ள, 50 டிகிரி பார்வைக் கோணம் கொண்ட கேமராவை 3 மீட்டர் தள்ளி வைத்தால், ஒரு புள்ளி ஏறத்தாழ 17 மில்லிமீட்டரை மூடும். நம்பத்தக்க அளவீட்டுக்குக் குறைந்தது 3க்கு 3 புள்ளிகள், அதாவது 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பரப்பு வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் சூடு, சுற்றியுள்ள குளிர்ந்த பரப்போடு கலந்து சராசரியாகிக் குறைந்தே காட்டும்.

4. வெளிப்புறச் சோதனையானால் காற்றின் வேகம் குறிக்கப்பட்டுள்ளதா? மின்கம்பத்திலும் துணைமின் நிலையத்திலும் சாதாரணக் காற்றே இணைப்பின் சூட்டைப் பாதியாகக் குறைத்துக் காட்டப் போதும்.

5. பழுது பார்த்தபின், அதே இடத்தில், அதே அளவு சுமையில் எடுத்த இரண்டாவது படம் இணைக்கப்பட்டுள்ளதா? ஒய் ஃபேஸின் 71 டிகிரி, மற்ற இரண்டையும் போல 45க்கு இறங்கியிருப்பதை அந்தப் படம் காட்ட வேண்டும். அது இல்லாதவரை அந்தப் பலகையைச் சரிசெய்யப்பட்டதாகக் கணக்கில் எழுதக்கூடாது.